மாமனார் போட்ட கையெழுத்து

இரத்தப்போக்கோடு மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் படுத்தபடி கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்த செல்வியைப் போன வாரம் ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டோம். பஸ் இல்லை, கார் இல்லை, ரோடு முழுக்க வெட்டிப்போட்ட மரம். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். கச்சிராயபாளையத்திலிருந்து ஏரிக்கரையும் வண்டிப்பாதையுமாக மாட்டை விரட்டிக்கொண்டு வந்து மருமகளைச் சேர்த்தவர் மாமனார் ராமசாமி. அந்த மனிதர் அன்றைக்குச் செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது. மறுநாள் செய்ததைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

ஊசி போட்டதில் இரத்தப்போக்கு நின்றிருந்தது. காலையில் கண் விழித்தபோது செல்விக்கு உடம்பு லேசாக இருந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே ஓட்டு வீடுகளைத் தாண்டிக் கல்வராயன் மலை தெரிந்தது. அதன் அடிவாரத்தில்தான் வீடு. மகள் மலர்க்கொடி பக்கத்து வீட்டில் இருக்கிறாள், தலை வாரிவிட்டார்களோ இல்லையோ. கணவன் அரங்கநாதன் மஞ்சள் ஏற்றிக்கொண்டு சேலம் போனவன், அங்கேயே மாட்டிக்கொண்டான். மண்டிக்கு டிரங்கால் போட்டால் மணி அடிக்கிறது, எடுப்பார்தான் இல்லை.

ஒரு வாய் காப்பி கிடைத்தால் தேவலை என்று நினைத்தபோது, கூட்டிப் பெருக்கும் சின்னப்பொண்ணு வாளியோடு உள்ளே வந்தாள்.

"காப்பித்தண்ணி கேட்டுடாதம்மா. வெறும் வயித்துல வெக்கச் சொல்லிக்கீறாங்க."

"எதுக்கு?"

"ஆபரேசனுக்குத்தான். சாயங்காலம். மயக்க ஊசி டாக்டரு சின்னசேலத்துலேர்ந்து வயக்காட்டு வழியா மோட்டார் பைக்குல வராராம்."

"கட்டிய எடுக்கவா?" வயிற்றில் கட்டி என்று ராத்திரி நர்சு பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

"கட்டி மட்டும் எடுத்து இன்னா பண்றது? பையோடதான் எடுக்கறாங்க." சின்னப்பொண்ணு குனிந்து கட்டிலுக்கடியில் துடைத்தாள். "வுடும்மா. ஒரு பொண்ணு கீதில்ல, போதும். மாசாமாசம் தொல்லை இல்லாம பூடும். எனக்குந்தான் எடுத்தாச்சு. நிம்மதியா கீறேன்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். வாளி இழுபடும் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைந்தது.

செல்வி இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தன்னுடையதை யாரோ சந்தையில் விலை பேசி முடித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. மலர்க்கொடிக்குப் பிறகு ஒரு பையன் பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டான். இன்னொன்று பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளும் அரங்கநாதனும் இந்தப் பொங்கலுக்குப் பேசிக்கொண்டார்கள். யாருக்கும் தெரியாத பேச்சு அது. அதைப் போய் யாரிடம் சொல்வது?

மெதுவாக எழுந்து சுவரைப் பிடித்தபடி கதவு வரைக்கும் போனாள். வாசலை அடைத்தாற்போல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் ராமசாமி. ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறார். கண் சிவந்திருந்தது.

"எழுந்து ஏம்மா வந்த? போய்ப் படு."

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க மாமா?"

"சின்னக் கட்டி. எடுத்துட்டா சரியாப் பூடும்."

"கட்டி மட்டுந்தானா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க வேர்வை ஒன்றும் இல்லை.

"நீ ஒண்ணும் ரோசன பண்ணாத. நான் பாத்துக்கறேன். கையெழுத்தெல்லாம் போட்டுக் குடுத்தாச்சு."

அந்த வீட்டில் கையெழுத்து என்றால் ராமசாமி. நிலப் பத்திரத்துக்கு அவர், ரேஷன் கார்டுக்கு அவர், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் அவர்தான். வீட்டில் சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு நடமாடுகிறவர் அவர் ஒருவரே. செல்வி ப்ளஸ் டூ முடித்தவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஓர் இடத்திலும் தன் பேரை எழுத வேண்டியிருந்ததில்லை. அதை ஒரு சௌகரியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைத்ததற்காக இன்று தன் மேலேயே கோபம் வந்தது.

மாமனார் கொடுமைக்காரர் என்றால் சண்டை போடலாம். இவர் அப்படியும் இல்லை. அவளுக்காக ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறவரிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது? திரும்பி வந்து படுத்துக்கொண்டாள்.

மத்தியானம் ராமசாமி சாப்பிடப் போன நேரத்தில் பின்பக்கக் கதவு திறந்தது. தலையைத் துண்டால் மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தான் ஒருவன். துண்டை எடுத்ததும்தான் தெரிந்தது, கொழுந்தன் வெங்கடேசன்.

கள்ளக்குறிச்சிக் கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். நாலு நாளாக வீட்டுப் பக்கம் வரவில்லை. மறியலில் முன்வரிசை. உரிமை, உரிமை என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"அண்ணி, எப்டி கீறீங்க? இப்பத்தான் சேதி தெரிஞ்சுது. வெளியே போலீஸ் ஜீப் சுத்தினு கீது. மரம் வெட்டினவங்க பேரெல்லாம் எடுத்துட்டாங்களாம். இருட்டற வரைக்கும் இங்கயேதான் இருக்கணும்."

"நீங்களும் மாட்டிக்கினீங்களா?" என்றாள் செல்வி. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எந்த மரம் வெட்டினீங்க?"

"சேலம் ரோட்டுத் திருப்பத்துல, அந்தப் பெரிய புளியமரம்."

"அந்த ரோட்டுலதான் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்."

எந்தக் கோர்ட்டிலும் வெங்கடேசன் இப்படி விழித்திருக்க மாட்டான்.

அவள் அவனைத் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள். சின்னப்பொண்ணு சொன்னது, மாமனார் முகம் துடைத்தது, கையெழுத்து. கேட்கக் கேட்க அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உங்களாண்ட யாருமே கேக்கலியா?"

"இல்ல."

"அது தப்பு அண்ணி. நீங்க மேஜர். சுயநினைவோட கீறீங்க. உங்க ஒடம்புல கத்தி வெக்கணும்னா உங்க சம்மதந்தான் வேணும். அண்ணன் கையெழுத்து போட்டாக்கூடப் பத்தாது. மாமனார் போட்டது எந்த மூலைக்கு? மயக்கமாகி, உயிர் போற நெலமைன்னா அது வேற. அப்பவும் வேற வழி இல்லன்னாதான்." குரல் உயர்ந்ததும் கதவைப் பார்த்துக்கொண்டான். மறுபடி தாழ்த்தினான். "இன்னா வியாதி, இன்னா பண்ணப் போறாங்க, வேற இன்னா வழி கீது, பண்ணலன்னா இன்னா ஆவும், எல்லாத்தையும் உங்களுக்குத்தான் வெளக்கணும். புடிக்கலன்னா வேணாம்னு சொல்லலாம். எழுந்து போறேன்னாலும் யாரும் தடுக்க முடியாது."

செல்வி ஒவ்வொரு வார்த்தையையும் வாங்கிக்கொண்டாள். வயிற்றில் கட்டியிருந்த பயத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று முளைத்தது. தைரியம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவளுக்குச் சொந்தமானது.

"எழுந்து போறேன். எந்த ரோட்டுல போறது?"

அவன் தலை குனிந்தான்.

"சரி, அது போவட்டும்," என்றாள். "இப்ப எங்கிட்ட சொன்னதை மாமா வந்ததும் அவராண்ட சொல்லுங்க."

"அப்பாகிட்டயா?"

ரோட்டில் போலீஸ் லத்திக்கு முன்னால் மார்பை நிமிர்த்தி நின்றவன் முகத்தில் ஈயாடவில்லை. சின்ன வயதில் பம்புசெட்டுப் பக்கம் விளையாடப் போய் அகப்பட்ட பையனின் முகம் அது. செல்விக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. சிரித்தாள். சிரித்த வேகத்தில் அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்தது. கீழே ஈரம் பரவுவது தெரிந்தது.

காலையில் நின்றது மறுபடி ஆரம்பித்துவிட்டது.

வெங்கடேசன் ஓடிப்போய்க் கூப்பிட, டாக்டரம்மா விஜயலட்சுமி வந்தார். நாலு நாளாக வீட்டுக்குப் போகாத அலுப்பு அவர் முகத்திலும் இருந்தது. பார்த்தார், ஊசி போட்டார், நர்சிடம் தியேட்டரைத் தயார் பண்ணச் சொன்னார். அதற்குள் ராமசாமியும் பதறிக்கொண்டு வந்துவிட்டார். மகனைப் பார்த்தார். நீ எங்கே இங்கே என்று கேட்கக்கூட அவருக்கு நேரமில்லை.

"டாக்டர்," என்றாள் செல்வி. "எனக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

"பெரியவர்கிட்ட எல்லாம் விவரமா சொல்லிட்டேனேம்மா."

"எங்கிட்ட சொல்லலியே."

டாக்டரம்மா ஒரு கணம் நின்றார். "பேஷண்ட் பயந்துடக் கூடாதுன்னு குடும்பத்தார்கிட்ட சொல்றதுதான் வழக்கம்."

"வயிறு எனுது. சொல்லுங்க, பயந்துக்கறேன்."

பக்கத்தில் நின்ற நர்சு வேறு எங்கோ பார்த்தாள். டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது ஒரு மரியாதை மாதிரி செல்விக்குப் பட்டது.

"கர்ப்பப்பைச் சுவர்ல ஒரு சதைக்கட்டி. புற்று மாதிரி தெரியல. ரெண்டு வழி இருக்கு. கட்டியை மட்டும் எடுத்துட்டுத் தைக்கலாம். ஆனா இரத்தம் அதிகமாப் போகும். சேலத்துலேர்ந்து இரத்த பாட்டில் வராது, ரோடு இல்ல. பையையே எடுத்துட்டா எனக்கு ஆபத்து குறைவு, உனக்கும் குறைவு. அதனாலதான் அப்படிச் சொன்னேன்."

"கொஞ்ச நாள் பொறுக்க முடியாதா? ரோடு தொறக்கற வரைக்கும்?"

"காலையில கேட்டிருந்தா யோசிச்சிருக்கலாம். இப்ப முடியாது."

"காலையில என்னை யாரும் கேக்கலியே டாக்டர்."



"அதெல்லாம் பேசிக்கினு இருக்க நேரமில்லம்மா," என்று ராமசாமி இடையில் வந்தார். "எடுத்துடுங்க. நான்தான் கையெழுத்துப் போட்டுட்டனே."

செல்வி வெங்கடேசனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை. சுவரை எவ்வளவு நேரம்தான் பார்ப்பான்?

"அப்பா," என்றான் கடைசியில். கட்டிய தொண்டையில் காற்றுத்தான் வந்தது. "அந்தக் கையெழுத்து செல்லாதுப்பா. அண்ணிதான் போடணும்."

"இன்னாடா சொன்ன?"

"அவங்க ஒடம்புக்கு அவங்கதான் சம்மதம் குடுக்க முடியும். சட்டம் அதான்."

"ரோட்டுல கத்தினது பத்தலன்னு இங்கயும் வந்துட்டியா? நீ வெட்டின மரத்தாலதானேடா இவ இங்க கெடக்கறா!" ராமசாமி மகன் பக்கம் ஓரடி வைத்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பியபோது அந்தக் குரல் உடைந்துபோயிருந்தது. "உங்க அத்தைக்கும் இப்பிடித்தாம்மா ஆரம்பிச்சுது. சேலத்து டாக்டரு எடுத்துடணும்னாரு. கத்தி வெக்க வேணாம்னு நான் வூட்டுக்கு இட்டுனு வந்துட்டேன். தீவாளி வரைக்கும்கூட இல்ல. இன்னொரு தபா அந்தத் தப்பப் பண்ணமாட்டேன். நீயும் பூட்டா அந்தக் கொழந்தைக்கு யாரு கீறாங்க?"

மாமியார் பெரியநாயகி இறந்தது கல்யாணத்துக்கு முந்தின கதை. காய்ச்சலில் போனதாகத்தான் செல்வியிடம் சொல்லியிருந்தார்கள். இந்த மனிதர் இத்தனை நாளும் இதைச் சுமந்துகொண்டுதான் பேனா செருகிக்கொண்டு திரிந்தாரா? பாவமாக இருந்தது. பாவம் பார்த்துச் சும்மா இருந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் தெரிந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு வேணாம்னு நீங்க சொன்னப்போ, அத்தைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

செல்வியே தொடர்ந்தாள்.

"கேட்டிருந்தா எடுங்கன்னு சொல்லியிருப்பாங்களோ இன்னாவோ. அன்னிக்கு வேணாம்னது நீங்க. இன்னிக்கு வேணும்னதும் நீங்க. எங்க ரெண்டு பேரையும் யாரும் கேக்கல."

அவர் பெஞ்சைத் தேடிப் பின்னால் கையை நீட்டினார். பெஞ்சு வெளியே இருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"கேக்கல," என்றார். "அவளும் ஒண்ணும் சொல்லல. வண்டில வரப்ப மலையையே பாத்துக்கினு வந்தா."

வெளியே ஜீப் ஒன்று மெதுவாக ஊர்ந்து போனது. வெங்கடேசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டாக்டரம்மா எழுந்தார். மேசையிலிருந்த பழைய தாளை நாலாக மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். புதுத் தாளை எடுத்தார். "சரிம்மா. நீயே சொல்லு. ஆனா சீக்கிரம்."

செல்விக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. இதுவரைக்கும் கதவு வெளியே பூட்டியிருந்தது, உள்ளேயிருந்து தட்டினாள். இப்போது சாவி அவள் கையில். தப்பானால் பழிக்க ஒருத்தரும் இல்லை. அரங்கநாதனைக் கேட்க வழியில்லை. மலர்க்கொடி முகம் வந்தது. பேரில்லாமல் போன குழந்தையின் முகமும் வந்தது.

"பாதி சம்மதம் குடுக்கலாமா தம்பி?" என்று வெங்கடேசனைக் கேட்டாள். "இது வரைக்கும் சரி, அதுக்கு மேல வேணாம்னு?"

"தாராளமா. எதுக்குச் சம்மதிக்கறீங்களோ அது மட்டுந்தான் செய்யணும்."

"அப்படி எழுதி என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கொடுத்ததில்ல," என்றார் டாக்டரம்மா. மறுக்கவில்லை.

"பேனா," என்று செல்வி கையை நீட்டினாள்.

டாக்டரம்மா மேசை மேல் பேனாவைத் தேடினார், அதற்குள் ராமசாமி சட்டைப் பையைத் தொட்டார். எடுத்து, மூடியைக் கழற்றி, எழுதும் பக்கம் அவளிடம் திரும்பும்படி நீட்டினார்.

படுத்தபடியே எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. கட்டியை மட்டும் எடுக்கச் சம்மதிக்கிறேன். இரத்தம் நிற்காமல் என் உயிருக்கு ஆபத்து வந்தால், வேறு வழியே இல்லை என்றால் மட்டும், கர்ப்பப்பையை எடுக்கலாம். இரண்டையும் டாக்டர் எனக்குச் சொன்னார், எனக்குப் புரிந்தது. கீழே முழுப் பேரையும் எழுதினாள்: அ. செந்தமிழ்ச்செல்வி. அவ்வளவு நீளப் பேரைக் கடைசியாகப் பரீட்சைத் தாளில்தான் எழுதியது.

"சாட்சி யாராவது?" என்றார் டாக்டரம்மா.

வெங்கடேசன் கை நீட்டினான். அதற்கு முன்னால் ராமசாமி தாளை வாங்கினார். எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். அவருடைய கையெழுத்து எப்போதும் பெரிதாக, தாளின் பாதியைப் பிடிப்பது. இன்று மருமகள் பேருக்குக் கீழே, ஓரமாக, சின்னதாகப் போட்டார்.

இரத்தம் வேண்டியிருந்தது. சோதித்துப் பார்த்ததில் வெங்கடேசனுடையது பொருந்தியது. அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்ப் படுத்தான். இருட்டினதும் ஓட வேண்டும் என்று இருந்தவன், இரத்தம் கொடுத்துவிட்டுத் தலை சுற்றலோடு அப்பாவின் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். ஜீப் திரும்பி வரும் சத்தம் கேட்டது. இருவருமே எழுந்திருக்கவில்லை.

மயக்க ஊசி டாக்டரும் வந்து சேர்ந்தபின், தள்ளுவண்டியில் செல்வியை அழைத்துப்போகும்போது வராந்தா முனையில் சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். "பயப்படாதம்மா," என்றாள். "பயமாத்தான் கீது," என்றாள் செல்வி. உள்ளே விளக்குக்கு அடியில், டாக்டரம்மா அந்தத் தாளை இன்னொரு தரம் படித்துக்கொண்டிருந்ததுதான் அவள் கடைசியாகப் பார்த்தது.

தியேட்டர் கதவு மூடியது.

பெஞ்சில் இருந்தபடியே ராமசாமி, "அந்தச் சட்டம் எப்பலேர்ந்துடா கீது?" என்று கேட்டார்.

"ரொம்ப நாளாவே கீதுப்பா."

"உங்கம்மா இருக்கறப்பவும்?"

வெங்கடேசன் தலையாட்டினான். ராமசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மலைப் பக்கம் வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கதவு திறந்தது. முகத்தில் கட்டிய துணியோடு டாக்டரம்மா வெளியே வந்தார். கண்கள் மட்டும் தெரிந்தன. அதில் அலுப்பைத் தவிர வேறொன்றையும் படிக்க முடியவில்லை.

"பெரியவரே, உள்ள என்ன நடந்ததுன்னா..."

ராமசாமி சட்டென்று எழுந்து கையை உயர்த்தித் தடுத்தார்.

"உயிரோட கீறாளா?"

"இருக்கா. நல்லா இருக்கா. ஆனா..."

"அது போதும்மா. மத்தத எங்களாண்ட சொல்லாதீங்க." உயர்த்திய கையை அவர் இறக்கவில்லை. "கண்ணு முழிச்சதும் மொதல்ல அவளாண்ட சொல்லுங்க. நாங்க பொறவு அவளக் கேட்டுக்கறோம்."